அடியில்லாத கூடையும் வில்நெவ் குளமும்

1

ரொட்டிக் கடையில் என்னை மீன் அம்மா என்கிறார்கள். அவர்கள் மொழியில் மதாம் கார்ப். கார்ப் என்றால் கெண்டை மாதிரி ஒரு மீன். பெரியது. "மதாம் கார்ப், வழக்கம்போல இரண்டா?" என்று கடைக்காரப் பெண் கேட்பாள். ஆமாம் என்பேன். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இருபது வருடம் இந்த ஊரில் பெயரில்லாமல் இருந்தேன். இப்போது ஒரு பெயர் இருக்கிறது.

அது வந்து இந்த ஞாயிற்றுக்கிழமையோடு இரண்டு வருடம். நம் பக்கத்து ஆட்கள் படிப்பதற்காக எழுதுகிறேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. சுற்றி வளைக்கத் தெரியாது.

2

ஊரின் பெயர் வில்நெவ். அதற்கு ஒரு வாலும் உண்டு. பிரான்சில் வில்நெவ்கள் நிறைய, வாலை வைத்துத்தான் பிரிப்பார்கள். வாலை விட்டுவிடுகிறேன். வில்நெவ் என்றால் புது ஊர். பல நூறு வருடமாகப் புது ஊர். புதுக்கோட்டையும் அப்படித்தானே.

பாரிசுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. மேற்கே ஆறு. ஆற்றை ஒட்டி ரயில் பாதை. கிழக்கே மேடு. தெற்கே விமான நிலையம், அதனால் தலைக்கு மேலேயும் ஒரு ரோடு. நடுவில் பாரிசிலிருந்து தெற்கே போகிற பெரிய ரோடு. திருமயத்துக்குள் ராமேஸ்வரம் ரோடு போகிற மாதிரி. லாரிக்காரர்கள் இந்த ஊரைப் பார்த்திருப்பார்கள், இறங்கியிருக்க மாட்டார்கள்.

பழைய வீடுகள் கீழே. எங்களை மாதிரி ஆட்கள் இருக்கும் அடுக்கு மாடிகள் மேட்டில். எங்கள் வீடு ஆறாம் மாடி. புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதி, இரண்டாம் வீதி என்று எண்ணிக்கொண்டே போய்விடலாம். இங்கே வீதிக்கெல்லாம் ஆள் பெயர். யார் என்று தெரியாத ஒரு தாடிக்காரர் பெயரில் இருபது வருடம் குடியிருக்கிறேன்.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு பூங்கா. பூங்காவில் ஒரு குளம். குளத்துக்குக் கரை உண்டு, மடை உண்டு. இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் அந்த மடையைத்தான் பார்த்தேன். மடை உள்ள ஊரில் இருந்துவிடலாம் என்று தோன்றியது.

3

என் வீட்டுக்காரர் காரைக்கால்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் இவர் பிறக்கும்போதே பிரெஞ்சுக்காரர். காரைக்கால் வெயிலில் கோலி விளையாடிய பிரெஞ்சுக்காரர். விமான நிலையத்தில் சாமான் ஏற்றும் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறேன். எங்களுக்கு ஒரு மகள், நிவேதா. அப்போது பதினாறு வயது. அவளும் பிறக்கும்போதே பிரெஞ்சுக்காரி.

நான் மட்டும் இந்தியாக்காரி.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாரிஸ் விமான நிலையத்தில் இரண்டு வரிசை. அவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவர்களுடையது ஓடும். என்னுடையது நிற்கும். நிவேதா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். கொஞ்சம் வளர்ந்ததும் அழவில்லை, காத்திருந்தாள். அப்புறம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்தபோது நான் வெளியே வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குத்தான் நினைத்தேன். இவளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அதற்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்க வேண்டும். மொழித் தேர்வு எழுதினேன். முதல் தடவை போயிற்று, இரண்டாம் தடவை தேறினேன். கடைசியில் ஒரு நேர்காணல் வைத்தார்கள். புருசன் பெண்டாட்டி இருவரும் வர வேண்டும். உண்மையாகவே சேர்ந்து வாழ்கிறோமா என்று பார்ப்பார்கள். நாட்டைப் பற்றி, இருக்கும் ஊரைப் பற்றிக் கேட்பார்கள்.

நிவேதா எனக்குப் பாடம் எடுத்தாள். அவள் பிரெஞ்சில்தான் பேசுவாள். இங்கே தமிழில் எழுதுகிறேன். ராஜாக்களை வரிசையாகச் சொல்லச் சொன்னாள். எல்லாருக்கும் ஒரே பெயர், பக்கத்தில் ஒரு எண். பதினான்காமவரும் பதினாறாமவரும் எனக்கு மாறி மாறி வந்தார்கள். யாருடைய தலையை வெட்டினார்கள் என்று கேட்டாள். பதினான்கு என்றேன். அவர் நன்றாக வாழ்ந்து படுக்கையில் செத்தார் அம்மா, விட்டுவிடு என்றாள்.

நேர்காணல் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் குளம்.

4

பூங்கா வாசலில் மேரியிலிருந்து ஒரு பலகை வைத்திருந்தார்கள். மேரி என்றால் நகராட்சி ஆபீஸ். குளத்தில் சேறு சேர்ந்துவிட்டது, தண்ணீரை வடிக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை காலை, பொதுமக்கள் வரலாம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கீழே பொடி எழுத்தில் இன்னும் நாலு வரி இருந்தது. பொடி எழுத்தை நான் தமிழிலேயே படித்ததில்லை.

எங்கள் ஊர் பொன்னமராவதியிலிருந்து திருமயம் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றும்போது ஊர் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். கம்மாய் அழிக்கிறது என்போம். சுற்று வட்டத்துக்கும் சொல்லி விடுவார்கள். விடிவதற்குள் கரை முழுக்க ஜனம் நிற்கும். வலை, கொசுவலை, பழைய சேலை, ஊத்தா என்று கைக்கு ஒன்று இருக்கும். ஊத்தா அடியில்லாத கூடை. கலங்கின தண்ணீரில் அதைக் குத்த வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் கூடை துடிக்கும். மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும்.

ஊர்த் தலைவரை அம்பலம் என்போம், அவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். துண்டு ஆடும்வரை ஒருத்தர் கால் நனையக் கூடாது. ஆடின பிறகு ஒருத்தரும் கரையில் நிற்கக் கூடாது. நின்றால் அடுத்த கோடை வரைக்கும் கேலி நடக்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது. ஆக்கலாம், கொடுக்கலாம். முதல் பெரிய மீன் அம்பலத்துக்கு.

பலகையை மறுபடி படித்தேன். தண்ணீர் வடிகிறது. ஞாயிற்றுக்கிழமை. பொதுமக்கள் வரலாம். இதை வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

எங்கள் கட்டடத்தில் தரைத் தளத்தில் இருக்கும் மரியாமா மாலி நாட்டுக்காரி. என்னோடு பரிமாறுகிறவள். அவளிடம் சொன்னேன். அவள் ஊரிலும் ஒரு ஏரியில் இப்படி இறங்குவார்களாம். ஆனால் ஆண்கள் மட்டும்தானாம், பெண்கள் தூரத்தில் நின்று பார்க்க வேண்டுமாம். இந்தப் பலகையில் பெண்கள் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன். பொடி எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

வீட்டில் அழுக்குத் துணி போடும் பிளாஸ்டிக் கூடை ஒன்று இருந்தது. ரோஸ் நிறம். அடி விரிசல் விட்டிருந்தது. மிச்சத்தைக் கத்தியால் அறுத்து எடுத்தேன். நல்ல ஊத்தா.

5

அது இலை உதிர்கிற மாதம். பனி மூட்டம். மூச்சு விட்டால் புகை.

கரை முழுக்க ஜனம். எனக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. மடை திறந்து தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. நடுவில் மீன்களின் முதுகு தெரிந்தது. ஒவ்வொன்றும் என் கை நீளம்.

ஆனால் ஒருவர் கையிலும் ஊத்தா இல்லை. வலை இல்லை. ஒரு பாத்திரம்கூட இல்லை. காப்பிக் கோப்பையும் பிள்ளை வண்டியுமாக வந்திருந்தார்கள். இத்தனை பெரிய ஊரில் ஒருத்தருக்கும் முன்யோசனை இல்லையே என்று பாவமாக இருந்தது. எதிர்க் கரையில் மட்டும் ரப்பர் உடுப்புப் போட்ட நாலு பேர் வலையோடு நின்றார்கள். வெளியூர் ஆட்களாக இருக்கும் என்று நினைத்தேன்.

மடை மேல் ஒருவர் நின்றார். தொப்பை. மார்பில் மூவர்ணப் பட்டை. துணை மேயர் என்று பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு அவர் அம்பலம்.

கோட்டைக் கழற்றினேன். எதற்குக் கழற்றுகிறாய் என்று கூட வந்த வீட்டுக்காரர் கேட்டார். பிடிங்க என்று அவர் கையில் கொடுத்தேன். மரியாமா பாவாடையைச் சுருட்டிச் செருகினாள். அவள் தலையில் அலுமினியச் சட்டி.

துணை மேயர் மடைக்காரரிடம் போதும் என்று காட்டுவதற்காகச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வீசினார்.

வெள்ளைக் கைக்குட்டை.

நான் இறங்கிவிட்டேன். தண்ணீர் ஐஸ், சேறு முழங்காலுக்கு மேல், ஒரு செருப்பு அப்போதே போயிற்று, மற்றதை நானே உதறினேன், பின்னால் மரியாமா கத்திக்கொண்டு வருகிறாள், என்ன கத்துகிறாள் என்று தெரியவில்லை, நானும் கத்துகிறேன், கூடையைக் குத்துகிறேன், எடுக்கிறேன், குத்துகிறேன், மூன்றாவது குத்தில் கூடை என் கையிலிருந்து துள்ளுகிறது, வயிற்றால் அமுக்கிக்கொண்டு கையை விடுகிறேன், வாலுக்குப் பதில் செவுள் கிடைக்கிறது, இழுக்கிறேன், அது என் முகத்தில் ஒரு அறை விடுகிறது. அப்படி ஒரு அறை. எனக்குச் சிரிப்பு. நிற்கவே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கரையில் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். ஒருத்தர்கூட இறங்கவில்லை.

அப்போதுதான் பொடி எழுத்து நினைவுக்கு வந்தது.

இரண்டு போலீஸ்காரர்கள் கரைக்கு வந்தார்கள். பூட்ஸ் பளபளப்பு. அவர்களுக்கு இறங்க மனசில்லை. மதாம், வெளியே வாருங்கள் என்றார்கள். வருகிறேன், மீன் நழுவுகிறது என்றேன். அது உண்மை.

வெளியே வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தேன். நேரே மடைக்குப் போய் இரண்டு கையாலும் மீனைத் துணை மேயரிடம் நீட்டினேன். அவரும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டார். மீன் வாலை ஆட்டியது. மூவர்ணத்தில் சேறு ஒரு நாலாவது வர்ணம் போட்டது. அதுவரை வாயைத் திறந்து நின்ற ஜனம் சிரித்தது. ஒரு கிழவி கை தட்டினாள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். துணை மேயர் மீனைத் தூக்கிக் காட்டினார். அவர் பிடித்த மாதிரியே காட்டினார்.

மீன்களையெல்லாம் பத்திரமாகப் பிடித்து வேறு குளத்தில் விடுவதற்குத்தான் அந்த ரப்பர் உடுப்புக்காரர்கள். இறங்கக் கூடாது என்பதுதான் பொடி எழுத்து.

போலீஸ்காரர்கள் திட்டவில்லை. அழகு என்று என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள்.

6

பெயரை எழுதியதுதான் விசயம். வெள்ளிக்கிழமை நேர்காணல்.

வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். என் கோட்டை அவர் கையில்தான் வைத்திருந்தார். சேறு பட்டுவிடும் என்று எனக்குத் தரவில்லை. நான் நடுங்கிக்கொண்டு வந்தேன். லிஃப்டில் ஏறின பிறகுதான் வாயைத் திறந்தார்.

"மார்க்கெட்டுல மீனே இல்லாம போச்சா ஒனக்கு? சொல்லியிருந்தா வாங்கித் தந்திருக்க மாட்டனா?"

"நீங்க ஏன் எறங்கல?" என்றேன்.

"நானா?"

"துண்டு வீசுனாக்க எல்லாரும் எறங்கணும்."

அவர் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நிவேதா அப்போதுதான் எழுந்திருந்தாள். அதற்குள் யாரோ படம் பிடித்து அவள் போனுக்கு அனுப்பிவிட்டார்கள். என்னைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள். "அம்மா, இன்னும் அஞ்சு நாள்தான் இருந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். அவளும் அந்த வரிசையை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் ஊரில் விவசாயம் பார்க்கிறவர். முழுக்கக் கேட்டார். பிறகு, "ஏத்தா, பிரான்சு வரைக்கும் போயி ஊத்தா குத்திட்டியாக்கும்" என்றார். அண்ணி பின்னாலிருந்து என்ன மீன் என்று கேட்டார்.

நிவேதாவுக்கு அன்றைக்கும் திங்கட்கிழமையும் என்னோடு பேச்சில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனோடு வந்தாள். குளத்தின் கதையைத் தேடிப் படித்திருக்கிறாள்.

அந்தக் குளம் தானாக வந்ததில்லை. வெட்டினது. அந்தக் காலத்தில் இந்த ஊரே சாமியார்களுக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமை அவர்கள் கறி தின்னக் கூடாது, மீன் தின்னலாம். மீனுக்காக வெட்டின குளம். சில வருடத்துக்கு ஒரு தடவை மடையைத் திறந்து வடித்து, ஊர் ஆட்களை இறக்கிப் பிடிப்பார்கள். பிறகு ராஜா வந்தார், காட்டில் வேட்டையாடினார். பிறகு ராஜாவும் போனார், சாமியார்களும் போனார்கள். மேட்டில் திராட்சை போட்டார்கள். பள்ளத்தில் பாரிசுக்கு முட்டைக்கோசும் பீன்சும் போட்டார்கள். ரயில் வந்தது, தோட்டம் போயிற்று. பாக்டரி வந்தது, பாக்டரிக்கு ஆள் வந்தது, ஆளுக்கு அடுக்கு மாடி வந்தது. பாக்டரி போயிற்று. ஆள் போகவில்லை. நாங்கள் அந்த ஆட்கள். குளம் மட்டும் அங்கேயே இருந்தது.

அவள் போனை அணைத்தாள். "அம்மா, நீ தப்புப் பண்ணல. லேட்டா வந்திருக்க. ஒரு ஐந்நூறு வருசம்."

அதை அவளால் சிரிக்காமல் சொல்ல முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு கூடையை எடுத்து வந்து எப்படிக் குத்துவது என்று கேட்டாள். அவளாகக் கேட்டாள். சோபாத் தலையணையைக் கீழே போட்டுக் குத்திக் காட்டினேன். அவள் குத்தினாள். மெதுவாகக் குத்தினால் மீன் போய்விடும் என்றேன். கீழ் வீட்டுக்காரர் கம்பால் இடிக்கும்வரை குத்தினோம். ராஜாக்களை அன்றைக்குப் படிக்கவில்லை.

7

நேர்காணலுக்கு வீட்டுக்காரர் டை கட்டிக்கொண்டார். வழி முழுக்க ஒரே பேச்சு. குளத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது, அவர்களாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போனோம் என்று சொல்ல வேண்டும். அது பொய்யில்லை, குளம் வரை நடந்துதான் போனோம். நான் தலையை ஆட்டினேன்.

அதிகாரி ஒரு அம்மாள். கண்ணாடி. சிரிக்காத முகம். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ராஜாவையும் சரியாகச் சொன்னேன், பதினாறு. பிறகு அவர் பேனாவை வைத்துவிட்டு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

சும்மா கேட்கிற கேள்விதான். எல்லா ஜோடியிடமும் கேட்பார்களாம்.

வீட்டுக்காரருக்கு நெற்றியில் வியர்த்தது. டையைப் பிடித்துக்கொண்டார். "என் மனைவி குளத்தில் இறங்கினாள்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. கூடை, கைக்குட்டை, துணை மேயர், போலீஸ், எல்லாம் வந்தது. மரியாமாவின் சட்டியில் ஒரு மீன் தெரியாமல் வந்துவிட்டது, அதையும் சொன்னார். அதை இரண்டு வீட்டாரும் சேர்ந்து தின்றோம், அதையும் சொன்னார். இருபது வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அம்மாள் என்னிடம் திரும்பினார். ஏன் இறங்கினீர்கள்?

போச்சு என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்தபின் பயம் போய்விட்டது. கண்மாயைச் சொன்னேன். துண்டைச் சொன்னேன். சாமியார்களைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைச் சொன்னேன், முட்டைக்கோசு வரைக்கும் சொன்னேன். என் பிரெஞ்சு பாதியில் நின்றபோது எழுந்து நின்று கையால் குத்திக் காட்டினேன். அலுவலக நாற்காலிக்கு மேல்.

அவர் எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். "உங்கள் கணவர் அப்போது எங்கே?"

"கரையில்" என்றேன். "என் கோட்டைப் பிடித்துக்கொண்டு."

"இறங்கவில்லையா?"

"இல்லை. எங்கள் ஊரில் என்றால் ஒரு வருடம் கேலி செய்வார்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் ஆடியது. பிறகு கேட்டார், மீன் எப்படி இருந்தது? சேற்று வாடை, புளி கூடப் போட வேண்டும் என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் வீட்டுக்காரர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வாயத் தொறந்துட்டேன் அழகு" என்றார். நான் அவர் டையைத் தளர்த்திவிட்டேன்.

8

குடியுரிமை வந்தது. பல மாதம் ஆயிற்று, வந்தது.

இரண்டு நாட்டுக் குடியுரிமையை இந்தியா விடாது, அதனால் இந்திய நீலப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதை எழுத எனக்கு வரவில்லை.

இந்தக் கோடையில் அண்ணன் போன் செய்தார். கம்மாய் அழிக்கிறார்கள், வருகிறாயா என்றார். மூன்று டிக்கெட் போட்டோம். நிவேதா அந்த ரோஸ் கூடையையும் எடுத்துக்கொண்டாள். ஊரில் நல்ல மூங்கில் ஊத்தா இருக்கிறது என்றேன். இதுதான் ராசி என்றாள். மேலே வைக்கும் பெட்டியில் கூடை அடங்கவில்லை. இடையில் மாறி ஏறிய விமானத்தில் பணிப்பெண்ணிடம் வாதாடி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

பாரிசில் கிளம்பும்போது மூவரும் ஒரே வரிசை. நான் நடுவில். கண்ணாடியைத் தாண்டும்போது நிவேதா போனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நின்று சிரித்துக்கொண்டோம். பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார்.

திருச்சியில் இறங்கினோம். முன்பெல்லாம் இங்கே நான் முதலில் வெளியே வந்துவிடுவேன். இந்தியர் வரிசை. அவர்கள் வருகிறவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பெருமையாக நிற்பேன். இந்தத் தடவை கால் தானாக அங்கிட்டே போனது. நிவேதா தோளைப் பிடித்துத் திருப்பினாள். வெளிநாட்டவர் வரிசை. அதுவும் ஒரே வரிசைதான். கேட்டது கிடைத்துவிட்டது, ரெண்டு பக்கமும்.

மேசையில் இருந்தவர் சின்ன வயசு. என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "பொறந்தது புதுக்கோட்டைன்னு போட்டுருக்கு. எதுக்கு வாரீங்க?"

"மீன் பிடிக்க" என்றேன்.

அவர் எழுதப் போன கை நின்றது. கண் நிவேதாவின் தோளில் கிடந்த கூடைக்குப் போனது. எட்டிப் பார்த்தார். கூடைக்குள் பார்த்தால் தரை தெரிந்தது.

"இதுக்கு அடியவே காணோமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் நிவேதா முன்னால் வந்தாள். தமிழில் சொன்னாள்.

"அடி இருந்தா மீனு எப்படிங்க உள்ள வரும்?"

அவர் முத்திரையைக் குத்தினார்.